பயிரின் உட்கடிகாரமும் பூஞ்சண நோயும்

பயிர் தன்னுள் அமைந்த ஒரு கடிகாரத்தால் இரவு பகலை அறிகின்றது. 2011இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் கடுகுக் குடும்பச் செடியொன்றை ஆராய்ந்தனர். அதைத் தாக்கும் கீழ்ப்பூஞ்சணத்தின் வித்திகள் விடியற்காலையில் பரவுவன. செடியோ, நோய் தொடுமுன்னரே அவ்வேளையை எதிர்நோக்கித் தன் எதிர்ப்புச் சக்தியை ஆயத்தஞ் செய்கின்றது. கடிகாரம் பழுதுற்ற செடிகள் எளிதில் நோயுற்றன.

எனினும், இலை இரவெல்லாம் நனைந்திருப்பின் பூஞ்சணத்தின் கை ஓங்கும். கீழ்ப்பூஞ்சண வகையொன்று பாகலையும் பற்றும். கந்தோரால் திரும்பி மாலையில் கொடிக்கு நீர் தெளித்தல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீட்டுத் தோட்டக்காரருக்கு வசதியே. ஆனால், கொழும்பின் ஈரக்காற்றில் அவ்விலை விடியுமுன் உலர்தல் அரிது. காலையில், வேரடியில் நீரூற்றுக.

நெல்லின் எரிபந்த நோய் வித்திகளும் பெரும்பாலும் இரவிலேயே பறந்து, பனி படிந்த இலையில் முளைக்கின்றன. பனியைத் தடுத்தல் இயலாது. யூரியாவை ஒரேமுறையில் இடாது பிரித்திடல் இயலும். நைதரசன் மிகுந்த பயிரை அந்நோய் விரைந்து பற்றும்.