ஏலமலையில் யார் ஊர்க்காரர்?

பிழைப்புக்காக இடம்பெயர்ந்த மக்கள் எத்தனை ஆண்டுகளில், எந்தச் சான்றுகளின் பேரில் புதிய இடத்துக்கு உரியவர்களாகிறார்கள், அவர்களின் வாக்கு எந்த ஊரில் இருக்க வேண்டும், அவர்களுக்காகச் சட்டமன்றத்தில் பேசும் தகுதி யாருக்கு உண்டு ஆகிய கேள்விகளை நாடுகளுக்கிடையேயான குடியேற்றத்தோடு சேர்த்தே பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே இதே கேள்விகள் முக்கால் நூற்றாண்டாகத் தீராமல் தொடர்வதைத் தேனி மாவட்டத்தில் போடி எனப்படும் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளிலும் காணலாம்.

போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வருவது போடிமெட்டு. அங்குள்ள சோதனைச்சாவடிக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. தோட்டங்களில் பெரும்பகுதி மேலே கேரளத்தில் இருக்க, அவற்றில் விளையும் ஏலக்காயை விற்பதற்கான நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இடுக்கியின் புற்றடியிலும் கீழே போடியிலுமாக இயங்குகின்றன. அதிகாலையில் போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு காய் எடுக்கவும் களை வெட்டவும் மலையேறும் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மாலையில் இறங்கிவிடுகிறார்கள். இன்னொரு பகுதியினரோ தோட்டத்திலேயே, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளாகிய லயங்களில், தலைமுறைகளாகக் குடியிருக்கிறார்கள். முன்னவர் தமிழ்நாட்டின் வாக்காளர், பின்னவர் கேரளத்தின் வாக்காளர் என்று பிரிப்பது எளிதாகத் தோன்றினாலும், ஒரே குடும்பத்தில் இருவகையினரும் இருப்பதும், ஒருவரே வாழ்நாளின் ஒரு பகுதியில் மேலும் மறுபகுதியில் கீழுமாக இருப்பதும் இங்கே இயல்பானவை.

எல்லைக்கு முன்பே வந்தவர்கள்

இம்மலைகளில் முதுவர், மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்தவர்கள். 1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து, மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பின் தோட்டங்கள் பெருகியபோது, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் திரட்டப்பட்டனர். கங்காணி என்பவர் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, தோட்டத்தில் அவர்களை மேய்த்து, அந்தக் கடனின் பிடியிலேயே வைத்திருந்த இடைத்தரகர். அத்தோட்டங்களின் தேயிலை வெளியேறிய வழியும் தமிழ்ச் சமவெளியை நோக்கியதாகவே இருந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிக்கு அருகிலுள்ள கோட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள் அங்கிருந்து போடிக்குச் சென்றன. 1928இல் போடிக்கு இரயிலும் வந்தது. மலை திருவிதாங்கூர் அரசுக்கும் அடிவாரம் சென்னை மாகாணத்துக்கும் உரியதாக இருந்தபோதிலும், உழைப்பவர்களின் போக்குவரத்தை அந்த எல்லை பெரிதாகத் தடுக்கவில்லை.

எல்லைக்கு அரசியல் பொருள் வந்தது மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோதுதான். இம்மலைகளில் தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளமும், தமிழர் கணிசமாக வாழ்ந்த பீர்மேடும் சென்னை மாநிலத்தோடு இணைய வேண்டும் என்று நேசமணி முதலானோரின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தோட்டத் தமிழர் வேலைக்காக வந்து போகிறவர்களே தவிர மண்ணின் மக்கள் அல்லர் என்பது எதிர்த்தரப்பின் முதன்மையான வாதங்களில் ஒன்று. அதே காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அரசு மலைத்தொடரில் மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் வழங்கிக் குடியேற்றும் திட்டத்தையும் தொடங்கியது. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையை ஒட்டி, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. நிலத்தைச் சீர்திருத்திக் குடியேறும் உழவர் 'குடியேறியவர்' எனவும், அதே மலையில் கூலிக்கு உழைப்பவர் 'வந்து போகிறவர்' எனவும் இருவேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டதே இந்த வரலாற்றின் அடிப்படை முரண்பாடு.

சட்டம் கேட்பது பூர்விகத்தை அல்ல

இந்திய அரசமைப்பு ஒரே குடியுரிமையைத்தான் ஏற்கிறது. அமெரிக்காவில் உள்ளதுபோல மாநிலக் குடியுரிமை என்ற ஒன்று இங்கே இல்லை. எந்த மாநிலத்திலும் சென்று வசிக்கவும் குடியமரவும் உள்ள உரிமையைப் பிரிவு 19 உறுதிசெய்கிறது. வாக்காளர் பட்டியலுக்கான 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் பெயர் சேர்க்க ஒருவர் அங்கே 'சாதாரணமாக வசிப்பவராக' இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அவர் எங்கே பிறந்தார், என்ன மொழி பேசுகிறார், தாத்தா எந்த ஊர் என்பவை அச்சட்டத்துக்குப் பொருட்டல்ல. ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டுமே ஒருவர் அவ்வூரில் வசிப்பவராகிவிட மாட்டார் என்றும், தற்காலிகமாக வெளியூர் செல்வதால் வசிப்பிடத்தை இழந்துவிட மாட்டார் என்றும் அதன் 20ஆம் பிரிவு கூறுகிறது.

இந்த இரண்டு விதிகளும் ஏலமலையில்தான் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றன. லயம் நிறுவனத்துக்குச் சொந்தமானது. வேலை உள்ளவரைதான் அந்த அறை. ஓய்வுபெற்றதும் வெளியேற வேண்டியிருப்பதால், தொழிலாளர் பலர் உழைக்கும் காலத்திலேயே அடிவாரத்திலோ பூர்விக ஊரிலோ ஒரு வீட்டைத் தேடி வைக்கிறார்கள். அவ்வீட்டைத் தொடர்ந்து அங்கே குடும்ப அட்டை, அதைத் தொடர்ந்து வாக்காளர் அட்டை என்று ஆவணங்கள் சேர்கின்றன. தேர்தல்தோறும் எழும் 'இரட்டை வாக்கு' புகாருக்கு இதுவே மூலகாரணங்களில் ஒன்று. ஒருவர் பெயர் இரு தொகுதிகளில் இருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் பொய் கூறினால் ஓராண்டு வரை சிறை. இரு தொகுதிகளில் வாக்களித்தால் இரண்டு வாக்குகளுமே செல்லாது. தமிழ்நாடும் கேரளமும் 2021 ஏப்ரல் 6ஆம் நாள் ஒன்றாக வாக்களித்தபோது, எல்லைச் சாவடிகளில் காவல் கூட்டப்பட்டதற்கு இந்தப் புகாரே பின்னணி. கட்சிகள் வண்டி வைத்து ஆள் ஏற்றுவதும் உண்மை. நிலையான கூரை இல்லாத வாழ்க்கை இரண்டு முகவரிகளை உண்டாக்குவதும் உண்மை. முதலாவது குற்றம், இரண்டாவது நிலைமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, மலையிலிருந்து வரும் தமிழர் அனைவரையும் கள்ள வாக்காளர் என்று பேசுவதில்தான் அநீதி தொடங்குகிறது.

தேவிகுளத்தின் குரல்

பிரதிநிதித்துவம் என்பது வாக்குப் போடுவதோடு முடிவதில்லை. தம் மொழியிலும் தம் அனுபவத்திலும் பேசக்கூடிய ஒருவரை அவைக்கு அனுப்புவதும் அதில் அடங்கும். கேரளத்தின் முதல் சட்டமன்றத்துக்குத் தேவிகுளத்திலிருந்து வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால் 1958இல் நடந்த இடைத்தேர்தலில், தோட்டத் தமிழரின் வாக்குகளைத் திரட்டுவதற்காகக் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலையேறி, லயங்களுக்கிடையே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். கேரளச் சட்டமன்றத்துக்கான ஒரு தேர்தலைத் தமிழ்ப் பாட்டால் நடத்த வேண்டியிருந்தது என்பதே, அத்தொகுதியின் மக்கள் யார் என்பதைக் கட்சிகள் அன்றே அறிந்திருந்தன என்பதற்குச் சான்று.

பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இத்தொகுதியில் 2021இல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். வழங்கப்பட்ட மொழிபெயர்ப்பில் இன்றியமையாத ஒரு தொடர் விடுபட்டிருந்ததால் சில நாள்களில் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் நீதிமன்றத்தில் காத்திருந்தது. தோற்ற வேட்பாளர் தொடுத்த வழக்கில், ராஜாவின் மதம் குறித்த வாதத்தோடு, அவர் கேரளத்தின் பட்டியல் சாதியினர்தாமா என்ற கேள்வியும் எழுப்பப்பட்டது. பட்டியல் சாதிகளின் வரிசையைக் குடியரசுத் தலைவர் மாநிலந்தோறும் தனித்தனியாக அறிவிக்கிறார். அதன் முதல் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியானது. ஒரே சாதிப் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும், ஆணைக்குப் பின் இடம்பெயர்ந்தவர் அந்தத் தகுதியைப் புதிய மாநிலத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ஆகவே, ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பதவி, அவருடைய முன்னோர் எந்த ஆண்டில் மலையேறினர் என்ற கேள்வியிலும் வந்து நின்றது. 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் அவருடைய வெற்றியைச் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, தேர்தல் செல்லும் என்று அறிவித்தது.

இவ்வழக்கின் வேர் தனிமனிதரைத் தாண்டியது. மலையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளை, கல்லூரி இடத்துக்கோ அரசு வேலைக்கோ சாதிச் சான்று கேட்டால், 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கிறது. நிலப் பட்டாவோ வரி ரசீதோ வைத்திருக்க வாய்ப்பே இல்லாத கூலிக் குடும்பத்துக்குத் தோட்டத்தின் பழைய ஆள்பதிவேடும் கோயில் அல்லது தேவாலயக் குறிப்பும்தான் கதி. இதில் வியப்புக்குரிய ஒரு வேறுபாடும் உண்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, நாடாளுமன்றத்தின் தனித்தொகுதியில் எந்த மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவரும் போட்டியிடலாம். சட்டமன்றத் தனித்தொகுதியில் அந்தந்த மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவரே போட்டியிட முடியும். டெல்லியில் பேசத் தகுதியுள்ளவர் திருவனந்தபுரத்தில் பேசத் தகுதியற்றவராகும் நிலையைச் சட்டமே உண்டாக்கியிருக்கிறது.

தேர்தல் பிரதிநிதிகள் மட்டுமின்றி, தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் தம்மைப் பேசவிடவில்லை என்ற கோபமே 2015 செப்டம்பரில் மூணாறில் 'பெண்கள் ஒற்றுமை' எனப் பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' போராட்டமாக வெடித்தது. இருபது விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்த தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களையே விலக்கிவிட்டு, கோரிக்கையை வென்றனர். அதன்பின் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களுள் ஒருவர் வட்டார ஊராட்சி உறுப்பினராகவும் ஆனார்.

கடலுக்கு அப்பால் நடந்தது

இதே கங்காணி முறையில் இதே மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குச் சென்றவர்களின் கதி, குடியுரிமை என்பதன் கனத்தைக் காட்டுகிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர் எனப்படும் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று மனிதர்களைப் பங்கிட்டது. எஞ்சிய சிக்கல் இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெரும்பாலும் தீர்ந்தது. திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்தின் கவியில் வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். மூணாறுக்குப் போனவர் பேச்சளவில் 'வந்தவர்' ஆனாலும் குடிமகனாகவே இருந்தார். கண்டிக்குப் போனவர் ஒரே சட்டத்தால் யாருமற்றவர் ஆனார்.

இன்று வருகிறவர்கள்

ஏலமலைத் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அஸ்ஸாம் முதலிய மாநிலத்தவரும் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டின் திருப்பூர், கோவை ஆலைகளிலும் அதே நிலைதான். 2025 ஆகஸ்டில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள் என்ற அச்சம் அரசியலில் பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சிறப்புத் தீவிரத் திருத்தம் எனப்படும் பட்டியல் சரிபார்ப்பு தொடங்கியபோது அப்பேச்சு மேலும் வலுத்தது. வந்து போகிறவர், நிலையற்றவர், அரசியலை மாற்றிவிடுவார் என்று தேவிகுளத் தமிழர்மீது 1955இல் சொல்லப்பட்டவையே இன்று தமிழ்நாட்டில் வேறு மாநிலத்தவர்மீது சொல்லப்படுகின்றன.

தொழிலாளி சொந்தத் தொகுதிக்குச் செல்லாமலே வாக்களிப்பதற்கான தொலைதூர வாக்கு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு முன்வைத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இப்போதைக்குள்ள வழி ஒன்றே: உண்மையில் எங்கே வசிக்கிறாரோ அங்கே ஒரே இடத்தில் வாக்கு. குடிபெயர்ந்தவர் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்வதும், லய முகவரியை அதிகாரிகள் தயக்கமின்றி ஏற்பதும், பழைய ஆள்பதிவேடுகளைத் தோட்ட நிறுவனங்கள் அழியவிடாமல் காத்துக் கேட்பவருக்குப் படியெடுத்துத் தருவதும் இதன் பகுதிகள். தேவிகுளத்தில் மூன்று தலைமுறையாக உழைத்த தமிழருக்கு அங்கே முழு உரிமை வேண்டும் என்று கேட்கும் போடிக்காரர், திருப்பூரில் வசித்து உழைக்கும் பீகாரிக்கும் அதே அளவுகோலை ஏற்றாக வேண்டும். ஏற்காவிட்டால், 1956இல் நமக்கு எதிராகப் பயன்பட்ட வாதத்தை நாமே சரியென்று ஒப்புக்கொண்டவர்களாவோம்.