சாண்டல்: ஒரு சொல்லா, இரு சொற்களா?

மைசூரு தேவராஜா சந்தையை அடுத்த தெருக்களில் கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பவர் 'சாண்டல்' என்னும் ஆங்கிலச் சொல்லை அடிக்கடி காண்பர். காலணிக் கடையில் அச்சொல் வார் வைத்த செருப்பைக் குறிக்கும். ஊதுவத்திக் கடையில் மணமுள்ள ஒரு மரத்தையும் அதன் எண்ணெயையும் குறிக்கும். துணிக்கடையில் 'சாண்டல் கலர்' என்று கேட்டால், வெளிர்மஞ்சள் சாயல் கொண்ட துணியை எடுத்து விரிப்பர். செய்தித்தாளின் திரைப்படப் பக்கத்திலோ 'சாண்டல்வுட்' என்பது கன்னடத் திரையுலகின் பெயர்.

நெற்றியில் இடும் பொருளுக்கும் காலில் அணியும் பொருளுக்கும் ஒரே பெயர் எவ்வாறு அமைந்தது? முற்காலத்தில் சந்தன மரத்தால் பாதக்குறடு செய்திருப்பர். அதனால் மரத்தின் பெயரே காலணிக்கும் ஆகிவந்திருக்கும் என்று சிலர் விளக்கம் கூறுவதுண்டு. கேட்பதற்கு இனிய விளக்கம், ஆயினும் பிழையானது. இங்கே இருப்பது ஒரு சொல் அன்று. வெவ்வேறு இடங்களில் பிறந்து, வெவ்வேறு வழியாக நடந்து, ஆங்கிலத்தில் வந்து ஒரே உருவம் பெற்றுவிட்ட இரு சொற்கள்.

காலணியின் வரலாறு குறுகியது. கிரேக்க மொழியில் 'சாண்டலோன்' என்பது வாரால் கட்டும் செருப்பைக் குறித்தது. அதன் சிறுமை வடிவம் 'சாண்டலியோன்'. அதனை இலத்தீன் ஏற்றது. பின்னர் பிரெஞ்சு மொழியும் ஆங்கிலமும் ஏற்றன. இந்தியாவுக்கும் அச்சொல்லுக்கும் தொடர்பு இல்லை.

மரத்தின் பெயர் நடந்த வழியோ நெடிது. வடமொழியில் அது 'சந்தன'. வணிகர் மூட்டைகளோடு பெயரும் மேற்கே சென்றது; பாரசீகர் அதனைச் 'சந்தன்' என்றும் 'சந்தல்' என்றும் வழங்கினர். இவர்கள் நாவில் முதலெழுத்து, 'அச்சம்' என்னும் சொல்லில் வரும் வல்லொலியோடு ஒலித்தது. அரபு மொழியில் அவ்வொலி இல்லை. ஆகவே அரேபியர் அதனை ஸகரமாக மாற்றி 'ஸந்தல்' என்றனர். சீன நாட்டின் பெயரையும் அவர்கள் இவ்வாறே மாற்றினர். பாரசீகத்தில் வல்லொலியோடு தொடங்கும் 'சீன்' அரபியில் 'ஸீன்' ஆயிற்று. அயல்மொழிச் சொல்லைத் தம் மொழியின் ஒலிகளுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது எல்லா மக்களுக்கும் இயல்பே. பின்னர் அப்பெயர் இடைக்கால இலத்தீனில் 'சாண்டலும்' ஆகி, பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தை அடைந்தது.

இந்தப் பயணத்தின் நடுவே ஒரு சான்று கிடைக்கிறது. 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர், இலங்கைக்குக் கீழைநாடுகளிலிருந்து வந்து இறங்கிய பண்டங்களைத் தம் நூலில் குறித்துள்ளார். பட்டு, அகில், கிராம்பு ஆகியவற்றோடு சந்தனமும் அதில் உண்டு. அவர் எழுதிய வடிவம் 'த்சந்தனா'. முதலில் உள்ள வல்லொலியையும் ஈற்றிலுள்ள னகரத்தையும் அவர் விடாமல் எழுதியிருப்பதால், லகரம் வந்து சேர்வதற்கு முந்தைய நிலை அதில் தெளிவாகத் தெரிகிறது.

வடமொழிக்கு அச்சொல் எவ்வாறு வந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒளிர்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்தது என்பர் சிலர். திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்பர் வேறு சிலர். இரண்டாவது கருத்துக்குத் துணையாக அவர்கள் காட்டும் தமிழ்ச்சொல் 'சாந்து'. சாத்துதல் என்றால் பூசுதல். கோயில்களில் 'சந்தனம் சாத்தினர்' என்று இன்றும் கூறுவர். சாத்தப்படும் குழம்பு சாந்து. அது சந்தனத்துக்கும் பழைய பெயர். இக்கருத்து சரியானால், அரைத்துப் பூசும் செயலிலிருந்து பிறந்த ஒரு தென்னாட்டுச் சொல் பல நாடுகளைச் சுற்றி 'சாண்டல்' என்று திரும்பி வந்திருக்கிறது. எனினும் இதை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. சொல்லாராய்ச்சியில் ஒலியொப்புமை மட்டும் போதாது. அது மட்டும் போதுமானால் செருப்பும் சந்தனமும் உறவாகிவிடும்.

சாந்து என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குவது பயனுடையது. நெற்றியில் இடும் பொட்டுக்குரிய குழம்பும் சாந்து. செங்கற்களை ஒட்டவைக்கும் சுண்ணாம்புக் கலவையும் சாந்து. பொருள்கள் வேறாகத் தோன்றினும் 'குழைத்துப் பூசப்படுவது' என்னும் கருத்து எல்லாவற்றுக்கும் பொது. ஒரே வேரிலிருந்து பொருள்கள் கிளைத்திருக்கின்றன.

'ஆரம்' அவ்வாறு கிளைத்தது அன்று. சங்கப் பாடல்களில் ஆரம் என்பது சந்தன மரம். கழுத்தில் அணியும் மாலையும் ஆரம். இது வடமொழி 'ஹார' என்பதன் தமிழ் வடிவம். கணக்குப் பாடத்தில் வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள நீளமும் ஆரம். இது சக்கரத்தின் ஆரக்காலை நினைவூட்டுவது. மரத்துக்கும் மாலைக்கும் வட்டத்துக்கும் பொதுக்கருத்து ஒன்றும் இல்லை. ஆங்கிலச் 'சாண்டல்' போலவே இவையும் உருவத்தால் மட்டும் ஒன்றானவை. அகராதி தொகுப்போர் கிளைத்த பொருள்களை ஒரே தலைச்சொல்லின் கீழ் எண்ணிட்டு வரிசைப்படுத்துவர். பிறப்பால் வேறானவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரிப்பர்.

ஆங்கிலத்தில் மரத்தைக் குறிக்கும் சாண்டலும் பின்னர்க் கிளைத்தது. அதில் மைசூருக்குப் பெரும்பங்கு உண்டு. 1792 இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். (இதைச் சுருக்கி 'அரச மரம்' என்று எழுதிவிட்டால், அது வேறு மரமாகிவிடும்!) யாருடைய நிலத்தில் வளர்ந்தாலும் அதனை வெட்டும் உரிமை அரசிடமே இருந்தது. வெட்டிய கட்டைகள் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டன. 1914 இல் முதல் உலகப்போர் மூண்டபோது ஏற்றுமதி தடைப்பட்டது, கட்டைகள் தேங்கின. அப்போது மன்னராக இருந்தவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான், விஸ்வேஸ்வரய்யா. எண்ணெயை இங்கேயே வடிக்க ஏற்பாடாயிற்று. மைசூரில் எண்ணெய் ஆலை எழுந்தது. பெங்களூரில் 1916 இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலையின் வழியே 'மைசூர் சாண்டல் சோப்' பிறந்தது. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் அதன் சின்னம். இவ்வாறு மரத்தின் பெயர் சோப்பின் பெயராயிற்று.

அரைத்த சந்தனத்தின் நிறத்தைச் 'சாண்டல்' என்பது இந்திய ஆங்கிலத்துக்கே உரிய வழக்கு. 'சாண்டல்வுட்' என்னும் திரையுலகப் பெயரோ ஹாலிவுட்டைப் பார்த்துப் புனைந்தது. மும்பைக்கும் கோடம்பாக்கத்துக்கும் அவ்வாறு பெயர் சூட்டியபோது புதுச்சொற்களை ஒட்டவைக்க வேண்டியிருந்தது. கன்னடத் திரையுலகுக்கு அந்தத் தொல்லை இல்லை. சந்தனக்கட்டைக்கு ஆங்கிலத்தில் முன்பே வழங்கிய பெயர் அப்படியே பொருந்திவிட்டது. பொருளில் வழுவியதும் ஒன்று உண்டு: ஆந்திர மலைகளில் வளரும் செம்மரத்தையும் வணிகர் 'சிவப்புச் சாண்டல்' என்றனர். அது பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சந்தனத்தின் மணம் அதற்கு இல்லை.

மைசூரில் வளரும் தமிழ்ப்பிள்ளைகளின் செவியில் இம்மரத்தின் பெயர் மும்மொழியிலும் விழுகிறது. பள்ளியில் சாண்டல், வீட்டில் சந்தனம், அண்டை வீட்டில் 'கந்த' அல்லது 'ஸ்ரீகந்த'. கந்தம் என்றால் வடமொழியில் மணம். மணங்கள் பல இருக்க, கன்னடர் சந்தனத்தையே 'மணம்' என்று அழைத்தனர். ராஜ்குமார் நடித்து 1973 இல் வெளிவந்த 'கந்தத குடி' என்னும் படத்தின் பெயருக்குச் 'சந்தனக் கோயில்' என்று பொருள்.

செருப்பைப் பற்றியும் ஒரு செய்தி எஞ்சியுள்ளது. கன்னடத்தில் அதற்குச் 'சப்பலி' என்னும் சொல்லோடு 'கெர' என்னும் பழஞ்சொல்லும் உண்டு. இது தமிழ்ச் 'செருப்பு' என்பதன் உடன்பிறப்பு. ஒலி ஒவ்வாததுபோல் தோன்றினும் உறவு மெய்யானது. ஏனெனில் இம்மாற்றம் ஓர் ஒழுங்கில் நிகழ்கிறது. தமிழில் இ, எ போன்ற உயிர்களுக்கு முன் சகரம் வரும் பல சொற்களில், கன்னடம் பழைய ககரத்தையே வைத்திருக்கிறது: செவி – கிவி, சேரி – கேரி, செருப்பு – கெர.