அண்டார்டிகாவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியுமா?

ஓர் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவின் அடிநுனியில் உஷுவாயா என்று ஓர் ஊர் இருக்கும். அங்கே ஒரு நூலின் முனையை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சென்னைக்குக் கொண்டுவந்து, தொய்வு இல்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்தப் பக்கம் போகிறது தெரியுமா? வடக்கே அல்ல, தெற்கே! அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடல் மேலாக 67 டிகிரி தெற்கு வரை இறங்கி, அதற்கப்புறம்தான் இந்தியப் பெருங்கடலில் ஏறி நம் பக்கம் வருகிறது. பனிக்கண்டத்தைப் பார்த்துவிட்டு உஷுவாயாவில் கரையேறியவர் நேர்வழியில் சென்னை வர நினைத்தால், விட்டுவந்த பனிக்கடலுக்கு மேலேயே மறுபடி பறக்க வேண்டும்! நேர்வழி சுமார் 14,600 கிலோமீட்டர். அந்த வழியில் பயணிகள் விமானம் எதுவும் கிடையாது. புவனோஸ் ஐரிஸ், சாவோ பாலோ, தோஹா அல்லது துபாய் என்று ஊர் ஊராக மாறி வந்தால் 19,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

அண்டார்டிகா கப்பல் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெங்குவினோடு கதையை முடித்துவிடுகிறார்கள். திரும்பி வரும் வழியை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. இந்தப் பயணத்தின் பாதி அதிசயம் திரும்பும் வழியில்தான் இருக்கிறது!

அது எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? காலணி கழுவும் இடத்தில். கடைசியாக ஒருமுறை பனிக்கரையில் இறங்கி, ரப்பர் படகில் கப்பலுக்குத் திரும்பியதும், ஒவ்வொருவரும் தூரிகையை எடுத்துத் தங்கள் பூட்ஸைத் தேய்க்க வேண்டும். அடிப்பள்ளங்களில் அப்பியிருக்கும் பெங்குவின் எச்சத்தை ஊழியர் ஒருவர் கூர்ந்து பார்ப்பார். ஒரு சிறு கல் சிக்கியிருந்தாலும் எடுத்துவிட்டுத்தான் கிருமிநாசினித் தொட்டியில் கால் வைக்க விடுவார். கால்சட்டையின் ஒட்டுப்பட்டைகளையும் பைகளின் மூலைகளையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் உண்டு. ஒரே ஒரு புல்விதை போதும், அந்த மண்ணில் அந்நியச் செடி முளைக்க! எச்சம் இளஞ்சிவப்பாக இருக்கும். பெங்குவின் தின்னும் கிரில் என்ற சின்னஞ்சிறு இறால் போன்ற உயிரினம்தான் காரணம். அந்த வாடை மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் எளிதில் போகாது. மேல்கோட்டோடு வீடுவரை வந்தாலும் வரும்.

அண்டார்டிகாவில் கப்பல் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டிருக்கின்றன, தெரியுமா? 1991-ல் அவை சேர்ந்து அமைத்த சங்கத்தின் விதிப்படி, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் யாரையுமே இறக்கக் கூடாது. கப்பலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எவ்வளவு நல்ல ஏற்பாடு! உலகத்தின் மற்ற சுற்றுலா இடங்களுக்கும் இது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கரை கண்ணிலிருந்து மறைந்ததும் டிரேக் நீரிணை. கேப் ஹார்னுக்கும் அண்டார்டிகாவை ஒட்டிய தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள கடல். தாண்ட ஏறக்குறைய 2 நாள். அதன் பெயருக்குக் காரணமான பிரான்சிஸ் டிரேக் அதைக் கடந்ததே இல்லை, தெரியுமா? 1578-ல் அவர் மெகல்லன் நீரிணை வழியாகப் பசிபிக்குக்குள் போனார். அங்கே புயல் அவரைத் தெற்கே அடித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கம் திறந்த கடல் இருக்கிறது என்று தெரிந்தது அவ்வளவுதான்.

இந்தக் கடல் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது? உருண்டையை மறுபடி பாருங்கள். அந்த அட்சரேகையில் பூமியைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டால், குறுக்கே ஒரு கண்டம்கூட இல்லை. காற்றுக்கும் அலைக்கும் தடுப்பே கிடையாது! பூமியின் மிகப்பெரிய கடல் நீரோட்டம் அங்கேதான் மேற்கிலிருந்து கிழக்காக அண்டார்டிகாவைச் சுற்றி ஓடுகிறது. நொடிக்கு 13 கோடி கன மீட்டருக்கு மேல் தண்ணீர்! உலகத்து ஆறுகள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இதில் நூறில் ஒரு பங்குதான் தேறும். அவ்வளவு தண்ணீரும் இந்த 800 கிலோமீட்டர் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து வருகிறது.

கப்பலுக்குள் அந்த இரண்டு நாளும் எப்படி இருக்கும் என்றால், நடைவழிக் கைப்பிடிகளில் வரிசையாகக் காகிதப் பைகள் செருகியிருக்கும், வாந்தி வந்தால் எட்டிப் பிடிக்க. சாப்பாட்டு மேசையில் தட்டு வழுக்காமல் இருக்க விரிப்பு போட்டிருப்பார்கள். சூப் கிண்ணத்தைப் பாதிதான் நிரப்புவார்கள். "ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு" என்பது அங்கே எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் பாடம். நடக்கும்போது ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்க வேண்டும். சில நாள் இதே கடல் குளம்போல் கிடப்பதும் உண்டு. எது வாய்க்கும் என்பது அன்றன்றைய காற்றின் கையில்.

இந்த ஆட்டத்துக்கு நடுவே கப்பலின் பின்பக்கம் போய் நின்றால் தெரியும் அதிசயம்! இறக்கையை அடிக்காமலே ஒரு பெரிய வெள்ளைப் பறவை கூடவே வரும். அலையும் அல்பட்ராஸ். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை மூன்றரை மீட்டர்கூட இருக்கும். இன்று உயிரோடு இருக்கும் எந்தப் பறவைக்கும் இவ்வளவு நீளம் இல்லை! அது எப்படிப் பறக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். இறக்கை நுனி தண்ணீரைத் தொடுமோ என்று பதறும் அளவுக்கு அலைக்குழிக்குள் இறங்கும். அங்கே காற்று மெது. சட்டென்று காற்றை எதிர்த்துத் திரும்பி மேலே ஏறும். மேலே காற்று பலம். அதை வாங்கிக்கொண்டு, திரும்பி, காற்றோடு சரிந்து மறுபடி கீழே. கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் உள்ள வேக வித்தியாசம்தான் அதற்கு எரிபொருள். தோளில் ஒரு தசைநார் இறக்கையை விரித்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது, தெரியுமா? அதனால் இறக்கையைத் தூக்கி வைத்திருக்கக்கூட அதற்குப் பெரிய சிரமம் இல்லை. இப்படி மிதக்கும்போது அதன் இதயத் துடிப்பு, சும்மா ஓய்வாக இருக்கும்போது துடிப்பதைவிட அதிகம் கூடுவதில்லை என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்! எங்கோ ஒரு தீவில் ஒற்றைக் குஞ்சு காத்திருக்கும். அதற்கு ஒரு வேளை இரை கொண்டுபோக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிவிட்டு வருகிற பறவை அது. கப்பலில் இருக்கிறவர்களைப் போலவே அதுவும் வீடு திரும்புகிறது.

பாதி வழியில் திடீரென்று மூடுபனி கவியும். தெற்கின் குளிர்நீர் வடக்கின் வெதுநீருக்கு அடியில் புகுந்து அமிழும் எல்லை அது. சில பத்து கிலோமீட்டருக்குள் கடல்நீரின் வெப்பம் 2, 3 டிகிரி ஏறிவிடும். உயிரியல் கணக்கில் அண்டார்டிகா முடிவது அங்கேதான். கோடு எதுவும் போட்டிருக்காது, கப்பலின் வெப்பமானிதான் காட்டிக்கொடுக்கும்.

எல்லாருக்கும் வீடு திரும்புவது இப்படிச் சுலபமாக அமைந்துவிடவில்லை. 2007 நவம்பர் 23 அன்று 'எக்ஸ்ப்ளோரர்' என்ற சிறிய சிவப்புக் கப்பல் தெற்கு ஷெட்லாண்டு தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. அண்டார்டிகா சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பல் அதுதான், தெரியுமா? கப்பலில் 154 பேர். உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் குளிரில் கிடந்தார்கள். 'நோர்ட்நோர்கே' என்ற நார்வே நாட்டுப் பயணிகள் கப்பல் வந்து 154 பேரையும் ஏற்றிக்கொண்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை! கிங் ஜார்ஜ் தீவில் இறக்கி, அங்கிருந்து சிலி நாட்டு ராணுவ விமானத்தில் புன்டா அரேனாஸ் நகருக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று இதைவிட விசித்திரம். 2013 கிறிஸ்துமஸ் சமயம் 'அகாதெமிக் ஷோகால்ஸ்கி' என்ற ரஷ்யக் கப்பல் கிழக்கு அண்டார்டிகாவில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. உதவிக்கு வந்த சீனக் கப்பலின் ஹெலிகாப்டர் 2014 ஜனவரி 2 அன்று 52 பயணிகளைத் தூக்கிப் பக்கத்தில் காத்திருந்த ஆஸ்திரேலியக் கப்பலில் சேர்த்தது. சீனக் கப்பல் பிறகு தானே பனிக்குள் மாட்டிக்கொண்டது! ஆஸ்திரேலியக் கப்பலுக்கோ தங்கள் நாட்டு ஆய்வு நிலையத்துக்குச் சரக்கு இறக்கும் வேலை பாக்கி. அதை முடித்துவிட்டு அது ஹோபார்ட் போய்ச் சேர்ந்தபோது ஜனவரி 22. அதற்குள் காற்று திசைமாறிப் பனி விலகி, ரஷ்யக் கப்பல் தன் மாலுமிகளோடு ஜனவரி 14 அன்றே நியூசிலாந்து துறைமுகத்தில் வந்து நின்றுவிட்டது! காப்பாற்றப்பட்டவர்களுக்கு முன்னால் மாட்டிக்கொண்ட கப்பல் கரை சேர்ந்தது.

2020 மார்ச் 15 அன்று உஷுவாயாவிலிருந்து புறப்பட்ட 'கிரெக் மார்ட்டிமர்' கப்பலுக்கு வேறு சோதனை. கடலில் இருக்கும்போதே கொரோனாவால் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்தன. கப்பலில் 217 பேர். 128 பேருக்குத் தொற்று! உருகுவே நாடு மனமிரங்கிக் கதவைத் திறந்தது. ஏப்ரலில் மோன்டெவிடியோ துறைமுகத்திலிருந்து விமான நிலையம்வரை தனிப்பாதை அமைத்துப் பயணிகளைப் பேருந்தில் அனுப்பியபோது, அந்த ஊர் ஜனங்கள் வீட்டு மாடங்களில் நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். அதன்பிறகு உருகுவேயை நான் வரைபடத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைதட்டல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சரி, நல்லபடியாக உஷுவாயா வந்தாயிற்று. அந்த ஊரை ஒட்டிய லபடாயா விரிகுடாவில் நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் ஒரு மரப்பலகை இருக்கிறது. புவனோஸ் ஐரிஸ் 3,079 கிலோமீட்டர், அலாஸ்கா 17,848 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். அங்கே நின்று அதைப் படிக்கும்போது தரை ஆடும்! உண்மையாகவே ஆடுவதுபோல் இருக்கும். கடலில் பல நாள் ஆடிய மூளை, ஆட்டத்தைக் கணக்கில் எடுத்து நடக்கப் பழகியிருக்கும். கரையேறிய பிறகும் அந்தக் கணக்கை அது உடனே கைவிடாது. குளிக்கும்போது கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்கத் தோன்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். அரிதாகச் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு; அப்படியானால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

புவனோஸ் ஐரிஸில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே இரண்டு விமான நிலையங்கள், தெரியுமா? உஷுவாயா விமானங்கள் பல, நகருக்குள் ஆற்றோரம் இருக்கும் ஏரோபார்க்கேயில் இறங்கும். வெளிநாட்டு நீண்டதூர விமானங்கள் எசெய்சாவிலிருந்து கிளம்பும். நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் நகர நெரிசல். பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்சியில் ஓட வேண்டும்.

இதெல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும், கடிகாரம் எட்டரை மணி நேரம் தள்ளி நிற்கும். உடம்பின் உள்கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். அதிலும் கிழக்கே வருவதுதான் கஷ்டம். மனித உடம்பின் நாள் இயல்பாகவே 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கடினம்.

அப்போதும் ஒன்று வந்து சேர்ந்திருக்காது. அண்டார்டிகாவில் போர்ட் லாக்ராய் என்ற இடத்தில், ஜென்டூ பெங்குவின்களுக்கு நடுவே பிரிட்டிஷ் அறக்கட்டளை ஒன்று அஞ்சலகம் நடத்துகிறது. அங்கே போட்ட அஞ்சல் அட்டை கப்பலேறிப் பாக்லாந்து தீவுக்குப் போய், அங்கிருந்து பிரிட்டன் போய், அதற்கப்புறம்தான் உலகத்துக்குப் பிரியும். அனுப்பியவர் வந்து பல வாரம் கழித்து அட்டை வாசலில் விழும்! இந்தியாவுக்கும் அண்டார்டிகாவில் அஞ்சலகம் உண்டு, தெரியுமா? 1984-ல் தட்சிண் கங்கோத்ரி என்ற நம் ஆய்வு நிலையத்தில் தொடங்கியது. கண்டத்தின் வேறொரு பக்கத்தில், நம் ஆய்வாளர்கள் இருக்கும் இடத்தில் இருப்பதால் உல்லாசக் கப்பல்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே சேரும் தபால்கள் கோவாவுக்கு வந்து பிரிகின்றன.

அண்டார்டிகா போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் மூன்று காரியம் செய்யுங்கள். கப்பல் கரை சேரும் அன்றைக்கே ஊர் திரும்ப விமானம் பதிவு செய்யாதீர்கள். டிரேக் கடல் கால அட்டவணை பார்க்காது, ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். புவனோஸ் ஐரிஸில் எந்த விமான நிலையம் என்று பயணச்சீட்டில் இரண்டு தடவை பாருங்கள். திரும்பும் வழியில் அறைக்குள் போர்த்திப் படுத்துவிடாதீர்கள். தளம் திறந்திருக்கிற நேரமெல்லாம் கப்பலின் பின்பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அல்பட்ராஸ் அந்தக் கடலை விட்டு நம் ஊர்ப் பக்கம் வருவதில்லை.