மூன்று வாசல்கள்

ஹற்றன் கடைத்தெருவில் புடைவைக் கடை நடத்தும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணும், அந்நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணும், அயற்கிராமத்துக் கண்டிச் சிங்களப் பெண்ணும் ஒரே மழையில் நனைந்து ஒரே பஸ்ஸில் ஏறுகிறவர்களேயாயினும், விவாகம் முறிகின்ற நாளில் மூவரும் மூன்று வெவ்வேறு வாசல்களைத் தட்ட வேண்டியவர்களாகிறார்கள். தமிழ்ப் பெண்ணுக்கு 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம். முஸ்லிம் பெண்ணுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். கண்டிச் சிங்களப் பெண்ணுக்கு, அவள் கண்டிய முறைப்படி மணந்திருந்தால், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டம்.

இவ்வேற்றுமையை விளங்கிக்கொள்ள யூதருடைய விவாகரத்து முறை நல்லதோர் உரைகல்லாகும். அங்கே கணவன் தன் மனமொப்பி எழுதுவித்து மனைவியின் கையில் ஒப்புவிக்கின்ற ‘கெட்’ என்னும் பத்திரத்தினாலன்றி மணம் அறுவதில்லை. கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த கெர்ஷோம் என்னும் ராபி, மனைவியின் சம்மதமின்றி அவளைத் தள்ளிவிடலாகாது என்று விதித்து ஓரளவு சமன் செய்தாராயினும், கணவன் பத்திரம் தர மறுத்தால் மறுமணத்துக்கு வழியின்றி நிற்கின்ற பெண்ணின் நிலை மாறவில்லை. அத்தகையவளை ‘அகுனா’ என்கிறார்கள். அவள் வேறொருவனுடன் வாழ்ந்து குழந்தை பெற்றாலோ, அக்குழந்தைக்கே சமயத்துள் விவாகத் தடை வந்து சேருகிறது. இஸ்ரேல் 1995இல் இயற்றிய சட்டம் மறுக்கின்ற கணவனுடைய கடவுச்சீட்டையும் சாரதி அநுமதிப்பத்திரத்தையும் தடுக்கவும், அவசியமானால் அவனைச் சிறையிடவும் ராபிமார் நியாயஸ்தலங்களுக்கு இடமளித்தது. ஆனால் சிறையிலிருந்தும் அவன் மறுக்கலாம்; ஏனெனில் மணத்தை அறுக்கின்ற அதிகாரம் நீதிபதியிடம் இல்லை, அவனிடமே இருக்கிறது.

இந்த ஒரு விஷயத்தில் நம் முஸ்லிம் சட்டம் பெண்ணுக்குச் சாதகமானது என்பதை ஒப்புக்கொள்வதே நியாயம். கணவன் சம்மதிக்காவிடினும் ‘பஸ்ஹ்’ என்னும் முறையில் காதி என்னும் முஸ்லிம் விவாக நீதிபதியே மணத்தை ரத்துச் செய்யலாம். ஆயினும் தலாக் சொல்லி மனைவியை விலக்க விரும்புகிற கணவன் காதிக்கு அறிவித்து, சமாதான முயற்சி நடந்தேறும் வரை காத்திருந்தால் போதும், காரணத்தை நிரூபிக்க வேண்டுவதில்லை; பஸ்ஹ் கோருகின்ற மனைவியோ மூன்று மதிப்பீட்டாளர்களுடன் அமர்ந்த காதியின் முன் குற்றத்தை நாட்டி, இரண்டு சாட்சிகளையும் கொண்டுவர வேண்டும். வீட்டுக் கதவுக்குள் வாங்கிய அடிக்கு இரண்டு சாட்சிகளை அவள் எங்கே தேடுவாள்? காதியின் முன் வழக்கறிஞர் தோன்றவும் இயலாது. காதியாக நியமனம் பெறுகிறவர் ஆணாகவே இருக்க வேண்டுமென்றும் சட்டம் சொல்லுகிறது. இலங்கை அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்று வகுத்திருப்பதால், சமத்துவத்தை நாடி உயர் நீதிமன்றத்துக்குப் போவதும் கடினம். முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்த 2009இல் நியமிக்கப்பெற்ற, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல்தான் அறிக்கை தந்தது. அதிலும் உறுப்பினர்கள் இரு கூறாகப் பிரிந்து நின்றார்கள்.

கண்டிய சட்டம் இருவரும் இசைந்தால் மாவட்டப் பதிவாளரே விலக்களிக்க இடந்தருகிறது. தாராளமான ஏற்பாடுதான், ஆனால் அதிலும் மனைவியின் சோரம் தனியே போதுமான காரணமாகவும், கணவனுடைய சோரம் கொடுமையோடோ, நெருங்கிய இரத்த உறவினரோடு கொண்ட தகாத உறவோடோ சேர்ந்தால் மட்டுமே காரணமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் யாரென்று ஊகிப்பது சிரமமன்று.

மதச் சட்டம் எதற்கும் உட்படாத தோட்டத்துத் தமிழ்ப் பெண் இவர்களைவிடச் சுதந்திரமானவள் என்று நினைக்கத் தோன்றும். 1907ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு அளிக்கின்ற காரணங்களோ சோரம், வன்மமான கைவிடுகை, தீராத ஆண்மையின்மை என்ற மூன்றே. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்புவது அதில் காரணமன்று. அடியும் உதையும் தனிக் காரணமல்ல, கைவிடுகை என்ற தலைப்பினுள் அடக்கி நிரூபிக்கப்பட வேண்டியவை. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டும். தவணைதோறும் மலையிறங்கிப் போகிற நாளில் வேலைக்குப் பேர் பதிகின்ற பிரட்டுக்களத்தில் அவளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. ஆகவே பலர் வழக்கே போடாமல் பிறந்த லயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கொழும்புக்குப் போன கணவன் அங்கே வேறு குடும்பம் கண்டிருந்தாலும், பதிவேட்டின்படி அவள் அவனுடைய மனைவியே. வேறொருவரைச் சட்டப்படி அவள் மணக்க முடியாது.