டெர்மினல்ல அனிமே: அந்த ஒத்த ஸ்கிரிப்ட் உள்ளே என்ன பண்ணுது?

ஷெல் ஸ்கிரிப்ட்னு வாயெடுத்தாலே "அனி-சிஎல்ஐ பத்திப் பேசுங்க ப்ரோ"ன்னு ஒரு குரல் வந்துடுது. சரி, இன்னைக்குப் பேசிடுவோம். எப்படி ஓடுதுங்கறதையும் பேசுவோம், ஓட்டலாமாங்கறதையும் பேசுவோம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். டெர்மினல்ல அனிமேன்னா கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்து எழுத்தா படம் ஓடும்னு சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. பேரை டைப் பண்றது, லிஸ்ட்ல தேர்ந்தெடுக்கறது, எபிசோட் நம்பர் சொல்றது, இவ்வளவுதான் டெர்மினல்ல. படம் எம்பிவி-ங்கற வீடியோ பிளேயர்ல தனி விண்டோவா, முழுத் தரத்துல ஓடும். (எம்பிவி-ல "விஓ ஈக்வல்ஸ் டிசிடி"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைக் கொடுத்தா நெஜமாவே டெர்மினலுக்குள்ள கலர் கட்டம் கட்டமா ஓடும். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காட்ட நல்லா இருக்கும், ஆனா சப்டைட்டில் படிக்க முடியாது.)

இப்போ உள்ளே போவோம். அனி-சிஎல்ஐ ஒரு பெரிய சாஃப்ட்வேர் கிடையாது. ஒரே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதுவும் பாஷ் கூட தேவைப்படாத சாதாரண பாசிக்ஸ் ஷெல். அது சொந்தமா செய்யற வேலை ரொம்பக் கம்மி, மத்தவங்களை வேலை வாங்கறதுதான் அதிகம்.

நீங்க ஒரு பேர் கொடுத்ததும், "கர்ல்" அதை ஒரு ஸ்ட்ரீமிங் தளத்தோட சர்வருக்கு அனுப்பும். அனுப்பும்போது "நான் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்"னு சொல்லிக்கும். அந்தப் பக்கம் இருந்து ஜேசன்ல பதில் வரும். அதுல நமக்கு வேண்டிய பேரையும் ஐடி-யையும் "செட்" பிரிச்சு எடுக்கும். ஜேசனைப் படிக்கத் தனி டூல் இருந்தும் அதைத் தொடாம செட்லயே முடிச்சிருக்காங்க. படிக்கக் கண்ணைக் கட்டும், ஆனா கூட ஒரு சார்பு குறையுது. அப்புறம் "எஃப்இசட்எஃப்" அந்த லிஸ்ட்டைக் காட்டும். ரெண்டு எழுத்து அடிச்சா சுருங்கிக்கிட்டே வரும், நீங்க ஒண்ணை எடுப்பீங்க.

அடுத்ததுதான் சுவாரஸ்யம். சர்வர் வீடியோ லிங்க்கை நேராத் தராது, எழுத்துக்களை மாத்தி மறைச்சு வெச்சுத் தரும். அதையும் செட் ஒவ்வொண்ணா பழைய எழுத்துக்குத் திருப்பும். கிடைக்கறது சில சமயம் ஒரு எம்3யு8 ஃபைல். அது வீடியோ இல்ல, சில செகண்ட் துண்டுகளோட முகவரிப் பட்டியல். எந்தத் தரம் வேணும்னு பார்த்து, லிங்க்கை எம்பிவி கையில கொடுத்துட்டு ஸ்கிரிப்ட் ஒதுங்கிக்கும். எந்த எபிசோட் வரைக்கும் பார்த்தீங்கன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். அதனால "ஹைஃபன் சி" போட்டா விட்ட எபிசோட்ல இருந்து தொடரலாம். எந்த நிமிஷம்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு எம்பிவி-ல ஷிஃப்ட் க்யூ அடிச்சு வெளிய வந்தா, அடுத்த தடவை அதே லிங்க் வரும்போது அதே இடத்துல ஆரம்பிக்கும்.

பாப்-அப் விளம்பரம் இல்ல, பழைய லேப்டாப்லயும் ஃபேன் கத்தாது. ஜனங்களுக்கு இது பிடிக்கறதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா அடிக்கடி உடையும். தளத்துக்காரங்க ஜேசன்ல ஒரு பேரை மாத்தினாலே செட் எழுதின பேட்டர்ன் காலி. முன்னாடி கோகோஅனிமே-ல இருந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க, 4-ஆவது வெர்ஷன்ல ஆல்அனிமே-க்கு மாறினாங்க. "ஹைஃபன் கேபிடல் யூ" போட்டு அப்டேட் பண்றது இங்க வாடிக்கை.

இப்போ முக்கியமான விஷயம். ஸ்கிரிப்ட் ஓப்பன் சோர்ஸ், சந்தேகமே இல்ல. ஆனா அது படம் எடுக்கற தளங்களுக்கு அந்தப் படங்களைக் காட்ட உரிமை கிடையாது. "காசு கொடுத்தா மட்டும் படம் வரையறவனுக்குப் போகுதா?"ன்னு கேப்பீங்க. பாதி நியாயமான கேள்வி. ஜப்பான்ல நிறைய அனிமே, தயாரிப்புக் கமிட்டி முறையில வருது. டிவி, பப்ளிஷர், மியூசிக் கம்பெனின்னு பல பேர் பணம் போடுவாங்க, உரிமையும் லாபமும் அவங்களுக்கு. கமிட்டியில பங்கு இல்லாத ஸ்டுடியோவுக்குப் பேசின கூலியோட சரி. ஆனா அடுத்த சீசன் வரணுமாங்கறதை அதே கமிட்டிதான் முடிவு பண்ணும், வரவைப் பார்த்துதான் பண்ணும். நம்ம பக்கத்துக்கும் இது பொருந்தும். க்ரஞ்சிரோல்ல தமிழ் டப் வர ஆரம்பிச்சிருக்கு. தமிழ்ல எத்தனை பேர் பாக்குறாங்கன்னு அவங்க எண்ணும்போது, டெர்மினல்ல பாக்குறவங்க அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க.

அப்போ டெர்மினலை மூடணுமா? வேண்டாம். மியூஸ் ஏசியா, அனி-ஒன் ஏசியா மாதிரி உரிமை வாங்கின சேனல்கள் யூட்யூப்லயே முழு எபிசோட் போடுறாங்க. ஒய்டி-டிஎல்பி இன்ஸ்டால் பண்ணியிருந்தா, எம்பிவி-ன்னு அடிச்சு பக்கத்துல யூட்யூப் லிங்க்கை ஒட்டினாப் போதும், ஓடும். இதுவும் முழுச் சுத்தம்னு சொல்லமாட்டேன். வெளி பிளேயர்ல பாக்குறது யூட்யூப் விதிமுறைக்கு ஒத்து வராது, சேனலுக்கு விளம்பரக் காசும் போகாது. நான் எபிசோடை பிரவுசர்லதான் பாக்குறேன்.

டிஸ்க்லயே நியாயமா வாங்கின ஃபைல் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் உண்மையான ஜாலி. உங்க சொந்த அனி-சிஎல்ஐ ஒரே வரி. "ஃபைண்ட்" வெச்சு ஃபோல்டர்ல இருக்கற எம்கேவி ஃபைல் எல்லாத்தையும் எடுங்க, பைப் போட்டு "சார்ட்", மறுபடி பைப் போட்டு "எஃப்இசட்எஃப்". இது மொத்தத்தையும் டாலர் போட்டு அடைப்புக்குள்ள வெச்சு, சுத்தி டபுள் கோட் போட்டு எம்பிவி-க்குக் கொடுங்க. டபுள் கோட்டை விட்டுடாதீங்க. அனிமே ஃபைல் பேர்ல ஸ்பேஸ் இல்லாம இருக்காது, கோட் இல்லன்னா ஒரு பேரை ஷெல் ஆறு துண்டா வெட்டிடும். ஓடினதும் அதை ஒரு ஏலியாஸா வெச்சுக்குங்க. பார்த்த எபிசோடை ஒரு ஃபைல்ல குறிச்சு வெக்கற வேலையை நீங்களே சேர்த்துப் பாருங்க, மூணு நாலு வரி கூட ஆகும், அவ்வளவுதான்.