பூதமா... கடோத்கஜனா? உங்க ஓட்டு யாருக்கு?

செமஸ்டர் ரிசல்ட்டில் ரெண்டு அரியர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த ராத்திரி என்ன பண்ணுவீங்க?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பசங்க சேர்ந்த எங்க கேங்கில் இதுக்கு ஒரு மருந்து இருக்கு. பழைய மாயாஜாலப் படம்! அடுத்த சீன் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் பார்க்கிறோம். நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயந்து கிடக்கிற மனசுக்கு, அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்ச ரெண்டு மணி நேரம் பெரிய ரிலாக்ஸ்.

ஆனா, எந்தப் படம்? இங்கேதான் சண்டை ஆரம்பம். ஒரு கோஷ்டிக்கு 'பட்டணத்தில் பூதம்' (1967). இன்னொரு கோஷ்டிக்கு 'மாயா பஜார்' (1957). ரெண்டிலும் மலை மாதிரி ஒரு ஆள், இடி மாதிரி ஒரு சிரிப்பு, கையில் மாய சக்தி. பஞ்சாயத்தைத் தீர்க்க மூணு ரவுண்டு வெச்சுப் பார்த்திடலாமா?

ரவுண்டு 1: கலாட்டா

ஜாடியைத் திறந்தா பூதம் வரும்; வந்த பூதம் 'ஜீ பூம்பா'ன்னு கிளம்பும். மாட்டிக்கிட்டது யாரு? ஜெய்சங்கரும் நாகேஷும்! போதாதா? 'தி பிராஸ் பாட்டில்'ங்கிற ஹாலிவுட் படத்தைப் பார்த்து உருவான கதைதான். ஆனா, நாகேஷ் பயந்து முழிக்கிற அந்த முழி, சுத்தமான மெட்ராஸ் சரக்கு. பூதமா வந்தவர் ஜாவர் சீதாராமன். 'உடல் பொருள் ஆனந்தி' எழுதினாரே, அதே ரைட்டர்தான்! பாஸ்கெட் பால் மேட்சில் பூதம் பண்ற சேட்டையை எத்தனை தடவை பார்த்தாலும் எங்க கேங்கில் விசில் நிச்சயம்.

'மாயா பஜார்' கலாட்டாவும் லேசுப்பட்டதில்லை. கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனி ஆளா காலி பண்ணும்போது, லட்டு தானா பறந்து வாய்க்குள்ள போகும். ஆனா, அந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள படம் ரொம்ப தூரம் போயிருக்கும். உட்கார்ந்த நிமிஷமே சிரிக்கணும்னா பூதம்தான்.

முதல் பாயின்ட் பூதத்துக்கு!

ரவுண்டு 2: மேஜிக்

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலம். 'மாயா பஜார்' எடுத்தது டைரக்டர் கே.வி.ரெட்டி, கேமராமேன் மார்கஸ் பார்ட்லி. வடபழனியில் இன்னிக்கு நாம ஏசி காத்து வாங்குற மால் இருக்கே, அது அந்தக் கால விஜயா வாஹினி ஸ்டூடியோ இடம்தான். படகில் ஜோடியா போற பாட்டில் நிலா வெளிச்சம் அப்படியே தண்ணியில் மிதக்கும். அது நிஜ நிலா இல்லை, ஸ்டூடியோவுக்குள்ள பார்ட்லி லைட்டை வெச்சு உண்டாக்கின நிலா! அதில் சில நொடி அவுட்டோர் மட்டும் நம்ம எண்ணூரில் எடுத்ததா சொல்வாங்க.

அதைவிடப் பெரிய மேஜிக் சாவித்திரி. கடோத்கஜன், கல்யாணப் பொண்ணு வத்சலா மாதிரி உருவம் மாறி வந்து உட்காருவான். அதாவது, எஸ்.வி.ரங்காராவ் உள்ளே இருக்கிற மாதிரி சாவித்திரி நடிக்கணும்! நடை, முறைப்பு, தோளை நிமிர்த்துற திமிர்... எல்லாமே ரங்காராவ். இதுக்கு எந்த டெக்னாலஜியும் கிடையாது பாஸ். 2018-ல் 'நடிகையர் திலகம்' பார்த்துட்டு கீர்த்தி சுரேஷுக்குக் கைதட்டினவங்க, ஒரிஜினலையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

ரெண்டாவது பாயின்ட் கடோத்கஜனுக்கு.

ரவுண்டு 3: நம்ம ஆள் யாரு?

பூதத்துக்கு ஜெய்சங்கர் மேல பாசம் வர்றது ஜாடியைத் திறந்து விட்டதாலே. நன்றிக்கடன்! பூதம் தானா உதவ வரும், அதுவே வம்பா முடியும். ஜாலிதான்.

கடோத்கஜன் கதை வேற. பாண்டவர்கள் சூதாட்டத்தில் சொத்தெல்லாம் இழந்தாச்சு. உடனே, அபிமன்யுவுக்கு வத்சலான்னு முன்னாடியே பேசி வெச்ச சம்பந்தம் கட். மாப்பிள்ளை மாறியாச்சு, பணக்கார துரியோதனன் மகன்! இத்தனைக்கும் வத்சலா அப்பா அபிமன்யுவுக்குச் சொந்தத் தாய்மாமன். காசு போனதும் சொந்தமும் போச்சு.

இந்த சீனில் எங்க கேங்கில் யாரும் பேச மாட்டோம். இன்டர்வியூவில் நல்லாப் பேசிட்டு இருக்கிற ஆள், 'எந்த ஏரியா?'ன்னு கேட்டு, 'காசிமேடு'ன்னு சொன்னதும் ஒரு செகண்ட் நிறுத்துவாரே... அந்த ஒரு செகண்ட் எங்க எல்லாருக்கும் தெரியும்.

அப்போ யாரு வர்றா? காட்டில் இருக்கிற அண்ணன்! முதல் சீனில், 'யாருடா என் ஏரியாவுல?'ங்கிற மாதிரி அபிமன்யு கூடவே சண்டைக்கு நிப்பான். தம்பின்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம், சித்தி கால்ல விழுந்து, 'இனி இது என் பிரச்னை'ன்னு கிளம்பிடுவான். பார்க்க டெரர், பழகினா பாசம். சினிமாவில் நம்ம ஏரியாவைக் காட்டினாலே அருவாளும் ரத்தமும்தானே? இந்த முரட்டு ஆளோ, ஒரு உயிர்கூடப் போகாம, சிரிக்க வெச்சே கௌரவர்களை ஊருக்கு மூட்டை கட்டி அனுப்புறான்.

ஒரு ராத்திரி, ஒரு செல்போன்

என் ஓட்டை முடிவு பண்ணினது 2023 டிசம்பர்.

மிக்ஜாம் புயல். திருவொற்றியூரில் எங்க தெருவில் கரன்ட் இல்லை. எண்ணூரில் இன்னும் கொடுமை. வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்து முகத்துவாரம் பூரா கறுப்பா நின்னுச்சு. அத்தை வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. மாமாவோட படகு, வலை எல்லாம் பிசுபிசுன்னு கறுப்பு. ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. அத்தை கையில் அந்த வாடை சோப்பு போட்டும் போகலை.

கரன்ட் வந்த ராத்திரி யாருக்கும் தூக்கம் வரலை. ஆயாதான், "இன்னாத்துக்குடா சும்மா உக்காந்துகினு... அந்தக் கடோத்கஜன் படத்தப் போடு"ன்னாங்க. ஸ்கிரீன் உடைஞ்ச என் போனை அரிசி டப்பா மேல சாய்ச்சு வெச்சேன்.

படகுப் பாட்டு வந்துச்சு. வெள்ளி மாதிரி தண்ணி. நான் வாய் சும்மா இருக்காம, "அத்தை, இதுல கொஞ்சம் நம்ம எண்ணூர்ல எடுத்தாங்களாம்"னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான், 'ஐயோ, இந்த நேரத்துலயா சொல்வே'ன்னு உறைச்சுது.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கலை. பாட்டு முடிஞ்சதும் மெதுவா, "இன்னொரு வாட்டி போடு கண்ணு"ன்னாங்க.

போட்டேன். மூணாவது வாட்டியும் போட்டேன். மாமா மட்டும், "துடுப்பு புடிக்கவே தெரியல இவனுங்களுக்கு"ன்னார். நாலு நாளில் அவர் பேசின முதல் கிண்டல்! ஆயா சிரிச்சாங்க, அத்தையும் சிரிச்சாங்க.

மறுநாள் காலையில் படகைச் சுரண்டக் கிளம்பினோம். படம் எண்ணெயைத் துடைக்கலை. துடைக்கிறதுக்கு எழுந்து போகத் தெம்பு கொடுத்துச்சு, அவ்வளவுதான்.

அதனால தீர்ப்பு: நண்பர்கள் கூடினா பூதம், மனசு உடைஞ்சா கடோத்கஜன். ரிசல்ட் வந்த ராத்திரிக்கு எதுன்னு கேட்கறீங்களா? முதல்ல வீட்டில் அரியர் மேட்டரைச் சொல்லிடுங்க பாஸ். அப்புறம் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்!