இல்லத்துச் சலனப்படப் பேழை

சலனப்படங்களையும் குடும்ப வைபவங்களின் வீடியோக்களையும் ஓரிடத்தே தொகுத்து வைத்து, வீட்டிலுள்ள எத்திரையிலும் கண்டு களிக்க உதவுங் கருவி 'நாஸ்' எனப்படும். ஹார்டு டிஸ்குகளைத் தாங்கி வீட்டு நெட்வொர்க்குடன் இணைந்து நிற்கும் சிறு பேழையே அது. அதனை வாங்கப் புகுவோர் முதற்கண் ஆராய வேண்டுவது யாது?

வேகமே என்பர் சிலர். 4கே புளூரே படமும் வினாடிக்கு 150 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. கிகாபிட் ஈதர்நெட் கம்பியோ 1000 மெகாபிட் வரை கடத்த வல்லது. ஆதலின் இடர்ப்பாடு கம்பியில் இல்லை. படத்தைச் சுருக்கிய முறையிலேயே உளது. 2013இல் வெளிவந்த எச்.265 முறையிற் சுருக்கிய படத்தைப் பழைய தொலைக்காட்சி அறியாதாயின், நாஸ் அதனை அவ்வப்போதே வேறு முறைக்கு மாற்றித் தரல் வேண்டும். இதனை டிரான்ஸ்கோடிங் என்பர். இதற்கு வலிய பிராஸஸர் இன்றியமையாதது. தொலைக்காட்சியே அம்முறையை அறியுமாயின், எளிய நாஸே போதும். ஆகவே வாங்குமுன் தொலைக்காட்சியின் கையேட்டை நோக்குக.

அவ்வாறு மிச்சமாகும் பொருளைக் கொண்டு தனியே மற்றொரு டிஸ்க் வாங்குக. ஒரே பேழையின் இரு டிஸ்குகளிலும் ஒன்றையே பதியும் 'ரெய்ட்' முறை, ஒரு டிஸ்க் பழுதாயின் காக்கும். ஆயின் கைதவறி அழித்தது இரண்டிலும் அழியும். பேழை களவு போயின் இரண்டும் போம். சலனப்படத்தை மீண்டும் பெறலாம்; மறைந்த பாட்டனாரின் குரலைப் பெறுதல் எங்ஙனம்? அதன் பிரதியொன்று வேறோர் இடத்தில் இருத்தலே பாதுகாப்பாம்.